தரம் 1 அனுமதியும் தெரிந்த ஆட்களும்: வன்னிப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கல்வி அமைச்சின் தரம் 1 அனுமதிச் சுற்றுநிருபம் வந்த நாளிலிருந்து வவுனியா, கிளிநொச்சி நகரங்களில் இரண்டு வேலை சேர்ந்தே நடக்கின்றன. ஒன்று, படிவம் நிரப்புவது. மற்றது, "ஆரைப் பிடிக்கலாம்" என்று விசாரிப்பது. இரண்டாவதைப் பற்றிப் பெற்றோர் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் கீழே உள்ளன. நெருக்கடி இருப்பது நகரத்தின் சில பாடசாலைகளில்தான். துணுக்காய், மடு, வவுனியா வடக்கு வலயங்களின் பல கிராமப் பாடசாலைகள் பிள்ளைகள் போதாமல் தவிக்கின்றன. வாசிக்கும்போது இதை மனதில் வைத்திருங்கள்.

தெரிந்த ஒருவரிடம் உதவி கேட்பதே பிழையா?

இல்லை. என்ன உதவி என்பதுதான் கேள்வி. வலயக் கல்விப் பணிமனையில் வேலை செய்யும் மாமாவிடம் "எந்த ஆவணத்துக்கு எத்தனை புள்ளி, பிரதேச செயலகத்தில் எந்தக் கிளையில் கையொப்பம் வாங்க வேண்டும்" என்று கேட்டால் ஒருவருக்கும் நட்டமில்லை. அதே கேள்வியை வேறொரு தாய் கேட்டாலும் அவர் அதே பதிலைத்தான் சொல்ல வேண்டும். "அதிபரிடம் ஒரு சொல் சொல்லிவிடுங்கள்" என்று கேட்பது வேறு. இடங்கள் எண்ணப்பட்டவை. உங்கள் பிள்ளை பட்டியலில் ஏறினால் ஏற்கெனவே புள்ளி பெற்ற இன்னொரு பிள்ளை இறங்குகிறது. அந்தப் பிள்ளைக்கு ஒரு பெயர் உண்டு, நீங்கள் அதைக் கேள்விப்படாமல் போகலாம், அவ்வளவுதான்.

சந்தேகம் வந்தால் ஒன்றைச் செய்து பாருங்கள். நீங்கள் எடுத்த தொலைபேசி அழைப்பை நேர்முகப் பரீட்சைச் சபையின் முன், மற்றப் பெற்றோரும் இருக்கும்போது, அப்படியே சொல்ல முடியுமா? "எந்தப் படிவம் என்று கேட்டேன்" என்று சொல்லலாம். "என்ர பிள்ளையைப் பாருங்கோ என்று சொன்னேன்" என்று சொல்ல நா எழாது.

புள்ளித் திட்டம் இருக்கும்போது செல்வாக்குக்கு எங்கே இடம் கிடைக்கிறது?

அண்மைய ஆண்டுகளின் சுற்றுநிருபங்களில் இடங்கள் ஆறு வகைக்குப் பிரிக்கப்படுகின்றன. பாடசாலைக்கு அண்மையில் வசிப்போரின் பிள்ளைகளுக்கு 50 வீதம், பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு 25, ஏற்கெனவே அங்கு படிப்போரின் சகோதரருக்கு 15, பாடசாலைக் கல்வியோடு நேரடியாகத் தொடர்புள்ள நிறுவனங்களின் ஊழியர் பிள்ளைகளுக்கு 5, சேவைத் தேவையால் இடமாற்றம் பெற்ற அரச ஊழியர் பிள்ளைகளுக்கு 4, வெளிநாட்டிலிருந்து திரும்பிய குடும்பங்களுக்கு 1. விகிதத்தையும் புள்ளியையும் அந்தந்த வருடச் சுற்றுநிருபத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். போன வருடத்துப் பிரதியை நம்பி விண்ணப்பித்து ஏமாந்தவர்கள் பலர்.

அண்மை வகையில் பாடசாலைக்கு எவ்வளவு கிட்ட என்பதற்கு 50 புள்ளி. உங்கள் வீட்டுக்கு இன்னும் கிட்டவாக, உங்கள் பிள்ளை சேரக்கூடிய ஆரம்பப் பிரிவுள்ள ஒவ்வொரு பாடசாலைக்கும் அதிலிருந்து 5 கழியும். அப்படி மூன்று பாடசாலைகள் இருந்தால் 35 மிஞ்சும். இந்த வகையின் மற்றப் புள்ளிகள் காணி அல்லது வாடகை ஆவணம், முந்திய 5 வருட வாக்காளர் இடாப்பு, மின் பட்டியல் போன்ற மேலதிக ஆவணங்கள் ஆகியவற்றுக்கு.

செல்வாக்கு நுழைவது மனிதக் கண் தீர்மானிக்கும் இடங்களில்தான். எந்தப் பாடசாலை "கிட்ட" என்று எண்ணப்படுகிறது, பழைய மாணவரின் எந்தச் சான்றிதழ் "சாதனை" ஆகிறது, வீட்டைப் பார்க்க வந்த குழு பூட்டிய வீட்டை எப்படி எழுதுகிறது, ஒரு வகையில் நிரம்பாத இடம் எங்கே போகிறது. இந்த நான்கிலும் கேள்வி கேட்கத் தெரிந்த பெற்றோரை ஏமாற்றுவது கடினம்.

பழைய மாணவருக்கு 25 வீதம் கொடுப்பதே ஒரு செல்வாக்குத்தானே?

ஒருவகையில் ஆம். தாய் நகரப் பாடசாலையில் படித்திருந்தால் பிள்ளைக்கு இடம், தாய் முகாமிலும் இடம்பெயர்ந்த கொட்டிலிலும் படித்திருந்தால் இல்லை என்பது வன்னியில் ஒருபோதும் சமமான விதியாக இருக்க முடியாது. இந்த விதியை மாற்ற வேண்டும் என்று சொல்ல நியாயம் உண்டு, நாங்களும் அதைச் சொல்கிறோம். ஆனால் விதி வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கும்வரை அதன்படி விண்ணப்பிப்பவர் ஒளித்து எதையும் செய்யவில்லை. பிழை தொடங்குவது பழைய மாணவர் சங்கத்தில் இந்த வருடம் சேர்ந்துவிட்டுப் பத்து வருட உறுப்பினர் என்று கடிதம் வாங்கும்போது.

பாராளுமன்ற உறுப்பினரிடம், பங்குத்தந்தையிடம், கோயில் தலைவரிடம் கடிதம் எடுத்தால்?

புள்ளித் திட்டத்தில் அப்படியொரு கடிதத்துக்கு ஒரு புள்ளியும் கிடையாது. ஆகவே அது செய்யக்கூடிய வேலை ஒன்றுதான்: அதிபருக்கு நெருக்குதல் கொடுப்பது. கொடுக்க வேண்டாம்.

கிராம அலுவலரின் கடிதமும் அப்படித்தானா?

அது முற்றிலும் வேறு. உண்மையை உறுதிப்படுத்துவது கிராம அலுவலரின் கடமை. விதானையாரைத் தெரியும் என்பதற்காக அல்லாமல், அங்கே வசிக்கிறீர்கள் என்பதற்காக அவர் எழுதுகிறார்.

வன்னியில் இந்தக் கடிதம் உண்மையாகவே தேவைப்படும் ஒரு சந்தர்ப்பத்தை விவரமாகச் சொல்ல வேண்டும். தூரம் நேர்கோட்டில் அளக்கப்படுகிறது. குளத்தின் மறுகரையில் உள்ள பாடசாலை வரைபடத்தில் கிட்டவாகத் தெரியும். மாரியில் குளம் வான் பாய்ந்தால் அந்தப் பக்கம் போகவே முடியாது, அல்லது இடையில் யானை நடமாடும் காடு இருக்கும். ஆறு, களப்பு, சதுப்பு, காடு போன்ற இயற்கைத் தடையால் போக முடியாத பாடசாலைக்காகப் புள்ளியைக் கழிக்கக் கூடாது என்று வாதிட உங்களுக்கு இடமுண்டு. அதை நேர்முகத்தில் வாயால் சொன்னால் போதாது. வீடு, குளம், பாதை, இரண்டு பாடசாலைகள் ஆகியவற்றைக் காட்டும் கைவரைபடம், பாதையால் போகும் உண்மைத் தூரம், எந்த மாதங்களில் பாதை மூடப்படுகிறது என்று கிராம அலுவலர் எழுதிப் பிரதேச செயலாளர் மேலொப்பமிட்ட கடிதம் ஆகிய மூன்றையும் விண்ணப்பத்தோடு இணையுங்கள். நேர்முக நாளன்று புதிதாகக் கொடுத்தால் சபை ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை.

வவுனியா நகரில் இன்னொன்றையும் கவனியுங்கள். பக்கத்தில் உள்ள சிங்கள மொழிமூலப் பாடசாலையில் தமிழ் மொழிமூலப் பிள்ளை சேர முடியாது. ஆண் பிள்ளை மகளிர் பாடசாலையில் சேர முடியாது. இவற்றைக் "கிட்டவான பாடசாலை" என்று எண்ணிப் புள்ளி கழித்திருந்தால் அந்த இடத்திலேயே கேளுங்கள்.

நகரத்தில் உள்ள மாமி வீட்டு விலாசத்தைப் போடலாமா?

பிள்ளையும் நீங்களும் அங்கே வசிக்கவில்லை என்றால் போடக் கூடாது. இது வன்னியில் மிகச் சாதாரணமாக நடக்கிறது, பலர் இதைப் பிழையாகவே நினைப்பதில்லை. வாக்கை மாமி வீட்டுக்கு மாற்றுவார்கள், மின் பட்டியலைப் பெயர் மாற்றுவார்கள், ஒரு குத்தகை உடன்படிக்கை எழுதுவார்கள். மூன்றும் சேர்ந்து ஒரு பொய்யாகின்றன, அந்தப் பொய்யில் மாமியும் நொத்தாரிசும் கிராம அலுவலரும் பங்காளிகளாகிறார்கள். சபை வீட்டைப் பார்க்க வரும்போது பிள்ளையின் உடுப்பு எங்கே, பால் மா எங்கே, அயல் வீட்டார் என்ன சொல்கிறார்கள் என்றுதான் பார்க்கும். பொய் ஆவணம் என்று பிறகு தெரியவந்தாலும் அனுமதி இரத்தாகும். அப்போது வருடத்தின் நடுவில் வகுப்பைவிட்டு வெளியே வருவது ஐந்து வயதுப் பிள்ளை.

வேலைக்காக நீங்கள் உண்மையிலேயே அந்த வீட்டில் தங்கியிருந்தால் அது வேறு. அப்போது மறைக்க ஒன்றுமில்லை. எப்போது வந்தீர்கள், ஏன் வந்தீர்கள் என்பதை எழுதிக் கொடுங்கள். ஐந்து வருடத்துக்குக் குறைந்த காலமென்றால் புள்ளியும் குறையும், அதை ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

இடப்பெயர்வில் காணி உறுதியும் பத்திரங்களும் போய்விட்டன. எங்களுக்கு ஆள் பிடிப்பதைவிட வேறு வழி என்ன?

இந்தப் பக்கத்தில் மிகவும் பெறுமதியான கேள்வி இதுதான். புள்ளித் திட்டம் காகிதத்தை எண்ணுகிறது. 2008, 2009இல் ஊர் ஊராக ஓடி மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமில் இருந்து திரும்பியவரிடம் காகிதம் இல்லை. 1977 வன்செயலுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறிய குடும்பங்கள் பலவற்றிடம் காணிக்கு அனுமதிப்பத்திரமே இல்லை. அரச அலுவலகத்தில் சொந்தக்காரரும் இல்லை. செல்வாக்கால் ஒரு இடம் பறிபோகும்போது அதிகமாக இழப்பது இவர்கள்தான். செல்வாக்கு உள்ளவர் இவர்களுக்குச் செய்யக்கூடிய நல்ல உதவி, பத்திரம் எடுக்கக் கூடப் போவது.

செய்ய வேண்டியவை, பிள்ளைக்கு ஐந்து வயதாகும்போது அல்ல, பிறந்த வருடத்திலிருந்தே:

முதலில் வாக்காளர் பதிவு. வருடாந்தத் திருத்தத்தின்போது தாய், தந்தை இருவரின் பெயரும் ஒரே முகவரியில் இருக்க வேண்டும். ஒருவர் பெயர் இல்லாத வருடத்துக்குப் புள்ளி குறையும். வரைவு இடாப்பு பார்வைக்கு வைக்கப்படும்போது போய்ப் பெயரைத் தேடுங்கள், விடுபட்டிருந்தால் அப்போதே கோரிக்கை கொடுங்கள். ஐந்து வருடப் பிரதியை மாவட்டத் தேர்தல் அலுவலகத்தில் எடுக்கலாம். வன்னியில் ஆண்கள் கொழும்பிலோ மத்திய கிழக்கிலோ வேலை செய்வதால் தந்தையின் பெயர் விடுபடுவதுதான் மிகச் சாதாரணமான இழப்பு.

உறுதி தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் தேடுதல் செய்து சான்றுப்படுத்திய பிரதி எடுக்கலாம். உறுதி இலக்கம் தெரியாவிட்டாலும் காணியின் பெயர், அயல் காணிக்காரரின் உறுதி ஆகியவற்றைக் கொண்டு ஏட்டைத் தேடலாம். அரச காணியென்றால் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்ட அனுமதிப்பத்திரத்தின் விபரம் பிரதேச செயலகக் காணிக் கிளையின் பேரேட்டில் இருக்கும். பிரதிக்கு எழுத்தில் கேளுங்கள், ஒப்பமும் திகதியும் இட்ட ஏற்புச் சீட்டு எடுத்துக்கொள்ளுங்கள். காணி பாட்டன், பாட்டி பெயரில் இருந்தால் அதையும் காட்டுங்கள், புள்ளி குறைந்தாலும் கிடைக்கும்.

வாடகை வீடென்றால் நொத்தாரிசு எழுதிப் பதிவு செய்த உடன்படிக்கை வேண்டும். வெறும் கடதாசியில் எழுதிய துண்டுக்குப் பெறுமதி மிகக் குறைவு.

அன்பளிப்பு கொடுத்தால் என்ன? பாடசாலைக்குத்தானே போகிறது.

காலத்தைப் பாருங்கள். பிள்ளை சேருவதற்கு முன் கேட்கப்படும் எதுவும், அது பணமென்றாலும் மின்விசிறி என்றாலும் 20 பை சீமெந்து என்றாலும், இடத்துக்கான விலைதான். இலங்கைச் சட்டத்தில் இலஞ்சம் வாங்குவதுபோல் கொடுப்பதும் குற்றம். 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழலுக்கு எதிரான சட்டம் இப்போது நடைமுறையில் உள்ளது.

சேர்ந்த பிறகு பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்கு விரும்பிக் கொடுப்பது நல்ல காரியம். பற்றுச்சீட்டு வேண்டும், பணம் சங்கத்தின் வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும், பொதுக்கூட்டக் கணக்கில் வர வேண்டும். இந்த மூன்றில் ஒன்று இல்லையென்றால் கொடுக்காதீர்கள்.

ரொறன்ரோவிலும் லண்டனிலும் உள்ள பழைய மாணவர் கிளைகளுக்கும் இதே விதிதான். கட்டடத்துக்குக் காசு அனுப்பியவர், "என்ர தம்பியின்ர பிள்ளைக்கு ஒரு இடம்" என்று கேட்கும் நிமிடத்தில் முன்பு கொடுத்ததும் கறைபடுகிறது. கொடைக் கடிதத்திலேயே "இதற்குப் பதிலாக அனுமதி தொடர்பான எந்தக் கோரிக்கையும் முன்வைக்கப்படாது" என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள். அதிபருக்கும் அது பெரிய பாதுகாப்பு.

பணம் அல்லாத வேறு ஒன்றைக் கேட்டால்?

பாலியல் இலஞ்சமும் அதே 2023 சட்டத்தின்கீழ் குற்றம். பெண் தலைமைக் குடும்பங்கள் நிறைந்த வன்னியில் இதைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். அந்த ஆளைத் தனியாகச் சந்திக்க வேண்டாம். குறுஞ்செய்தி, வட்ஸ்அப் பதிவு, அழைப்பு நேரம் எதையும் அழிக்க வேண்டாம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் இலக்கம் 1954. தகவல் கொடுத்த பெண்ணில் பிழையில்லை.

எல்லாரும் செய்கிறார்கள். நான் மட்டும் நேர்மையாக இருந்தால் என் பிள்ளைதானே இழக்கும்?

இந்தக் கவலை உண்மையானது, அதை இலகுவாகத் தட்டிவிட முடியாது. இரண்டு விடயம் சொல்கிறோம். "எல்லாரும்" என்பது பெரும்பாலும் தேநீர்க் கடைக் கணக்கு. தெரிவான பிள்ளைகளில் பெரும்பாலோர் புள்ளியால்தான் தெரிவாகிறார்கள், ஆனால் அவர்களைப் பற்றி யாரும் கதைப்பதில்லை. அடுத்தது, உங்களிடம் சண்டை பிடிக்க உரிமை இருக்கிறது. கள்ளமாகச் சேர்ந்த பிள்ளையைப் பார்த்து நாமும் கள்ளம் செய்வதைவிட ஆட்சேபனை எழுதுவது அதிகம் பலன் தரும், ஏனென்றால் அது அந்த இடத்தையே திரும்பப் பெற்றுத் தரலாம்.

ஆட்சேபனையை எப்படி எழுதுவது?

நேர்முகத்தின்போதே உங்கள் புள்ளிகளைத் தனித்தனியாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கையொப்பம் கேட்டால் வாசித்த பின் இடுங்கள். தற்காலிகப் பட்டியல் அறிவித்தல் பலகையில் போடப்பட்டதும் கைபேசியில் படம் எடுங்கள். பெயர்கள், புள்ளிகள், காத்திருப்போர் பட்டியல் எல்லாம் தெளிவாகத் தெரிய வேண்டும். அதில் குறிப்பிட்ட கடைசி நாளுக்குள் இரண்டில் ஒன்றை, அல்லது இரண்டையும் கொடுக்கலாம். உங்கள் பிள்ளையின் புள்ளி குறைக்கப்பட்டது என்றால் மேன்முறையீடு. இன்னொரு பிள்ளை தகுதியில்லாமல் ஏறியது என்றால் ஆட்சேபனை.

ஆட்சேபனையில் ஊகம் எழுத வேண்டாம். "செல்வாக்கால் எடுத்தார்கள்" என்ற வரியை விசாரிக்க முடியாது. "பட்டியலில் இன்ன இலக்கத்தில் உள்ள விண்ணப்பதாரர் இந்த முகவரியில் வசிக்கவில்லை, இன்ன கிராம அலுவலர் பிரிவில் வசிக்கிறார், வாக்காளர் இடாப்பின் பிரதி இணைப்பு" என்பதை விசாரிக்க முடியும். பதிவுத் தபாலில் அனுப்பித் துண்டை வைத்துக்கொள்ளுங்கள். மொட்டைக் கடிதம் போடாதீர்கள். அதற்கு விசாரணை கிடையாது, ஊருக்குள் சந்தேகம் மட்டும் மிஞ்சும். சொந்தக் கோபத்தைத் தீர்க்க ஆட்சேபனை போடுவதும் ஒருவகை அதிகாரத் துஷ்பிரயோகம்தான், உண்மையில் தகுதியுள்ள ஒரு குடும்பம் அதனால் அலையும்.

இறுதிப் பட்டியலும் பிழையென்றால் வலயக் கல்விப் பணிப்பாளருக்கு எழுதுங்கள். தேசிய பாடசாலையென்றால் கல்வி அமைச்சுக்கு எழுதுங்கள், அமைச்சின் இலக்கம் 1988. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒவ்வொரு வகைக்கும் எத்தனை விண்ணப்பம், எத்தனை தெரிவு, கடைசியாகத் தெரிவான புள்ளி எது, உங்கள் பிள்ளையின் புள்ளித்தாள் ஆகியவற்றைக் கேட்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

சமத்துவ உரிமை மீறப்பட்டது என்று உயர் நீதிமன்றம் போவதென்றால் ஒரு மாதத்துக்குள் போக வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால் அங்கு விசாரணை நடக்கும் காலம் கணக்கில் எடுக்கப்படாது. கடிதத்துக்குப் பதில் வரும் என்று இரண்டு மாதம் காத்திருந்து இந்த வாசலை மூடிக்கொள்வதுதான் மிகப் பெரிய தவறு.

நான் ஆசிரியர், சபையிலும் இருக்கிறேன். என் அக்காவின் பிள்ளை விண்ணப்பித்திருக்கிறது.

விண்ணப்பங்களைப் பிரிப்பதற்கு முன்பே அதிபருக்கு எழுத்தில் தெரிவித்து, அந்த வருடம் சபையிலிருந்து முழுமையாக விலகுங்கள். அந்த ஒரு பிள்ளையின்போது மட்டும் எழுந்து வெளியே போவது போதாது, மற்றவருக்கு நீங்கள் போடும் புள்ளியும் உங்கள் அக்காவின் பிள்ளையின் இடத்தைத் தீர்மானிக்கிறது. அக்கா கோபிப்பா. "நான் சபையில் இல்லை" என்பதுதான் அவவுக்குச் சொல்லக்கூடிய உண்மையான, முடிவான பதில். "பார்க்கிறேன்" என்று சொல்லாதீர்கள். எங்கள் ஊரில் "பார்க்கிறேன்" என்றால் "செய்கிறேன்" என்றே விளங்கிக்கொள்வார்கள்.

அதிபருக்கு மேலிடத்திலிருந்து அழைப்பு வந்தால்?

"எழுத்தில் அனுப்புங்கள் சேர், சபையில் வாசிக்கிறேன்" என்று மரியாதையாகச் சொல்லலாம். பெரும்பாலான அழைப்புகள் எழுத்தாக மாறுவதில்லை. திகதி, நேரம், யார், என்ன கேட்டார் என்று ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள்.

போன வருடம் செல்வாக்கால்தான் சேர்த்தோம். இப்போது என்ன செய்வது?

பிள்ளையிடம் இதைச் சொல்லிக் குற்றவாளியாக்க வேண்டாம், பிள்ளை ஒன்றும் செய்யவில்லை. பொய் ஆவணம் கொடுத்திருந்தால் தவணை முடிவில் நீங்களாகவே கிட்டவுள்ள பாடசாலைக்கு மாற்றுவதுதான் நேரான வழி, அது கடினம் என்பதும் தெரியும். குறைந்தபட்சம், தம்பி தங்கைக்குச் சகோதரர் வகையில் விண்ணப்பிக்காதீர்கள். ஒரு பிழை அந்த 15 வீதத்தின் வழியாகத்தான் இரண்டாகிறது.

கிராமப் பாடசாலையில் விட்டால் பிள்ளை பின்தங்கிவிடாதா?

தரம் 1இல் பிள்ளைக்குத் தேவை வாசிக்கப் பழக்கும் ஆசிரியரும் களைக்காத உடம்பும். காலை ஐந்தரைக்கு எழுப்பி வான் வண்டியில் ஒன்றரை மணித்தியாலம் ஏற்றி அனுப்பும் பிள்ளை முதற் பாடத்திலேயே நித்திரை தூங்குகிறது. கிராமப் பாடசாலையில் 12 பிள்ளைகளுக்கு ஒரு ஆசிரியர் இருந்தால் அது நகரத்தில் 40 பேருடன் இருப்பதைவிடக் குறைவல்ல. பிறகு தரம் 6இல் புலமைப்பரிசில் புள்ளியால் நகரப் பாடசாலைக்குப் போக ஒரு வாசல் இருக்கிறது.

சேர்க்கும் முன் போய்ப் பாருங்கள். ஆரம்பப் பிரிவுக்குப் பயிற்சி பெற்ற ஆசிரியர் இருக்கிறாரா, அவர் எத்தனை வகுப்பைச் சேர்த்துப் படிப்பிக்கிறார், மலசலகூடத்துக்குத் தண்ணீர் வருகிறதா, மாரியில் பாதை எப்படி. ஆசிரியர் இல்லையென்றால் பத்துப் பெற்றோர் கையொப்பமிட்டுக் கோட்டக்கல்விப் பணிப்பாளரிடம் போங்கள். தெரிந்த ஆட்களின் பெயரைப் பாவிக்க ஏற்ற இடம் இதுதான். வலயத்தில் உள்ள மாமாவிடம் கேளுங்கள், அந்த வெற்றிடம் எந்தக் கோப்பில் நிற்கிறது என்று.